வெளிச்சத்துக்கு ஆள் இருந்த காலம்

யாழ்ப்பாணக் கரையோரத்தில் இருக்கிற எங்கள் பங்குக் கோயிலின் விளக்குகளை எல்லாம் எல்ஈடிக்கு மாற்றுவதென்று அருட்பணிச் சபை தீர்மானித்துவிட்டது. வயரிங் வேலை செய்கிற பொடியன் ஒருவன் வந்து, ஏணி வைத்து ஏறி, ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்குப் போட்டுத் தந்தான். கோயிலுக்குள் முப்பது ரியூப் லைற். ஒன்று நாற்பது வாட். சோக்கு தின்பதையும் சேர்த்தால் ஐம்பது. பீடத்தைப் பார்த்தபடி ஆறு ஹாலோஜன், ஒவ்வொன்றும் ஐந்நூறு. திருநாள் பூசையில் எல்லாவற்றையும் போட்டால் நாலரைக் கிலோவாட். புதுக் கணக்கில் ரியூப்புக்குப் பதினெட்டு வாட், ஹாலோஜனுக்குப் பதில் ஐம்பது வாட். கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்கும் கீழே.

மறுப்புச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏறியதில், சலுகைக் கட்டணத்தில் இருந்த வழிபாட்டிடங்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று வேறுபாடில்லாமல் எல்லோரும் சுவிச்சைத் தேடி நிறுத்தப் பழகினார்கள். உண்டியல் காசு ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் பில்லுக்குப் போனது.

பொடியன் தந்த தாளில் பராமரிப்பு என்று ஒரு நிரல் இருந்தது. அதில் தொகைக்குப் பதிலாகச் சின்னதாய் ஒரு கோடு. “பத்து வருசத்துக்கு ஒருத்தரும் கை வைக்கத் தேவையில்லை, மாஸ்ரர்” என்றான். பெட்டியில் இருபத்தையாயிரம் மணித்தியாலம் என்று போட்டிருக்கிறது. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரித்தாலும் பதின்மூன்று வருசம் தாண்டும். பொடியன் குறைத்துத்தான் சொன்னான்.

அந்தக் கோட்டில்தான் என் மனம் இடறியது. கை வைக்கத் தேவையில்லாத வெளிச்சம் என்பது எங்கள் கோயிலுக்குப் புதிது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கே எரிந்த ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆள் இருந்தது.

எழுபதுகள் வரை மஞ்சள் குமிழ்கள்தான். ஓட்டுக் கூரையின் வளையிலிருந்து நீளமாக வயர் தொங்கும். அதன் நுனியில் வெள்ளை எனாமல் தொப்பி, தொப்பிக்குள் ஒரு குமிழ். கச்சான் காற்று அடிக்கிற நாளில், கடற்பக்கத்து யன்னல்கள் திறந்திருந்தால், எல்லாக் குமிழும் ஒன்றாக ஆடும். கோயிலின் நிழல்களும் ஆடும். சுவரில் சிலுவைப் பாதைப் படங்களில் இருக்கிற உரோமைச் சேவகர்கள் ஒரு அடி முன்னே வைத்துப் பின்னே போவார்கள். சின்னப் பிள்ளைகளான எங்களுக்குப் பிரசங்கத்தை விட அது சுவாரசியம்.

குமிழ் மாற்றுவது மூப்பரின் வேலை. நீண்ட பனை ஏணியைக் கொண்டுவந்து சாத்த இரண்டு பேர், அடியில் பிடிக்க ஒருவர், ஏறுவது மூப்பர். பழைய குமிழைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். உள்ளே அறுந்த கம்பி கிலுங்கினால் “முடிஞ்சுது” என்று மேலேயிருந்து அறிவிப்பார். அறுபது வாட் குமிழ் ஒன்று தின்ற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போனது என்பதை நான் பின்னால் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தபோதுதான் யோசித்தேன். இன்று ஒன்பது வாட் எல்ஈடி அதே வெளிச்சத்தைத் தந்துவிடுகிறது. மூப்பர் மடிச் சால்வையைக் கையில் சுற்றிக்கொண்டு குமிழைத் தொட்டது அந்தச் சூட்டுக்குத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரியூப் லைற் வந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்களும் மத்திய கிழக்குக்குப் போனவர்களும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயர் அதன் தகரப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் இருக்கும்: இன்னாரின் ஞாபகார்த்தமாக, இன்ன குடும்பத்தின் அன்பளிப்பு. சிலர் ரியூப்பிலேயே எழுதுவித்தார்கள். எழுத்துக் கூடக்கூட வெளிச்சம் குறைந்தது. ஆனாலும் எந்த விளக்கு யாருடையது என்பது ஊருக்கே தெரியும். ஒன்று கண் சிமிட்டத் தொடங்கினால், பூசை முடிந்ததும் அந்தக் குடும்பத்து ஆள் மூப்பரிடம் வந்து, “எங்கடை லைற்றுக்கு ஸ்ராட்டர் வாங்கிக்கொண்டு வாறன்” என்பார். அதை மானப் பிரச்சினையாக எடுத்தவர்களும் உண்டு.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இரவுப் பூசையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். எல்லா விளக்கையும் அணைத்து, வெளியே புதுத் தீ மூட்டி, பாஸ்கா மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு சுவாமி உள்ளே வருவார். அதிலிருந்து எங்கள் கைத்திரிகளுக்கு நெருப்பு வாங்குவோம். எங்கள் கோயில் வழக்கப்படி, மகிமைப் பாட்டு எடுக்கும் கணத்தில் மணிகள் அடிக்க, திரை விலக, எல்லா விளக்கும் ஒரேயடியாக எரியவேண்டும். எங்கே எரிந்தது? மூப்பர் சுவிச்சைத் தட்டுவார். பீடத்துக்கு மேலே இருப்பது உடனே பிடிக்கும். நடுவில் இருப்பவை மினுங்கி மினுங்கி யோசிக்கும். பாட்டு மூன்றாம் அடிக்கு வந்த பிறகுதான் பாடகர் மேடைக்குக் கீழே இருப்பது உயிர்க்கும். உயிர்ப்பு பீடத்திலிருந்து வாசல் வரை படிப்படியாக நடந்தது. எல்ஈடி இந்தப் பிழையைச் செய்யாது. தட்டிய கணத்தில் முழுக் கோயிலும் எரியும்.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. நாலு நாளில் வரும், நத்தாருக்குள் வரும் என்றார்கள். சுவரில் சுவிச்சுகள் இருந்தன. சின்னப் பிள்ளைகள் அவற்றைத் தட்டி விளையாடினார்கள். அது என்னத்துக்கு என்று தெரியாமலே ஒரு தலைமுறை பள்ளிக்கூடம் போய்விட்டது. பொருளாதாரத் தடையில் பற்றரி வராது, எரிபொருள் வராது. மண்ணெண்ணெய் எப்போதாவது சங்கக்கடைக்கு வந்தால் போத்தலோடு வரிசையில் நிற்கவேண்டும். மெழுகுதிரி கண்ணில் படுவதே அரிது.

அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு சின்ன ஜாம் போத்தல். அதன் அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக் குழாய் ஒன்றில் நூல் திரியைச் செருகி, தகரத் துண்டு ஒன்றை வளைத்து அதில் குழாயைப் பொருத்திப் போத்தல் வாயில் மாட்டினால் சரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும். காற்றுக்கு அணையாது, கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்தாது. அரிக்கன் லாம்பு ஓரிரவில் குடிக்கிற எண்ணெயில் இது பல இரவு தாண்டும். அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் எங்கள் பிள்ளைகள் ஏ லெவல் எழுதினார்கள். விடிய எழும்பினால் மூக்குத் துவாரத்தில் கரி இருக்கும்.

கோயிலில் விளக்கு வைக்கிற முறையும் மாறியது. கோயிலுக்கென்று மண்ணெண்ணெய் கிடையாது. ஆகவே பின்னேரப் பூசைக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டுப் போத்தலைக் கையோடு கொண்டுவந்தார்கள். வாங்குக்கு ஒன்றாக நிலத்தில் வைப்போம். ஒரு போத்தலைச் சுற்றி ஒரு குடும்பம், பக்கத்து வீட்டுக் குடும்பம், விளக்கில்லாமல் வந்த இரண்டு கிழவிகள். வாசகம் வாசிக்கிறவருக்கு மட்டும் இரண்டு போத்தல். ஒருவர் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்வார். அவருக்குக் கை நடுங்கினால் புனித பவுல் எழுதிய திருமுகமும் நடுங்கும். பூசை முடிந்ததும் எல்லோரும் தங்கள் தங்கள் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோயில் இருட்டில் கிடக்கும்.

பாட்டுப் புத்தகம் அந்த வெளிச்சத்தில் தெரியாது. பாடகர் குழுவைப் பழக்கிய அக்கா பகலில் ஒரு வரியாகச் சொல்லிக் கொடுத்து எல்லாவற்றையும் மனப்பாடமாக்கினார். வருகைப் பாட்டிலிருந்து இறுதிப் பாட்டு வரை, ஏழு எட்டுப் பாட்டு, ஒவ்வொன்றிலும் நாலு சரணம். அந்தக் குழுவில் இருந்தவர்கள் இன்று கனடாவிலும் பரீசிலும் இருக்கிறார்கள். ஊர்த் திருநாளுக்கு வந்தால், கண்ணை மூடிக்கொண்டு பாடுவதைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இப்போது சுவரில் திரை போட்டுப் பாட்டு வரி விழுகிறது. கரண்ட் நின்றால் பாட்டும் நிற்கிறது.

பெரிய நாட்களுக்கு மட்டும் காஸ்லைற். எங்கள் ஊரில் அதெல்லாம் கடலுக்குப் போனவர்களிடம் இருந்த சாமான். இரவில் களங்கடலில் நண்டும் கணவாயும் பிடிக்க அந்த வெளிச்சம் வேண்டும். கடற்றொழிலுக்குத் தடை வந்தபோது விளக்குகள் வீட்டு மூலையில் சும்மா தொங்கின. நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் கோயிலுக்கு வந்தன. அவற்றைக் கொளுத்த ஒருவர் இருந்தார். ஊர் முழுக்க அவருக்குக் காஸ்லைற் அண்ணை என்றுதான் பெயர். சொந்தப் பெயர் கல்லறையில் எழுதியபோதுதான் பலருக்குத் தெரிந்தது.

அவர் விளக்குக் கொளுத்துவது தனிச் சடங்கு. முதலில் பட்டுப்பை போன்ற மென்டிலை எடுத்து, வாயை நூலால் கட்டித் தொங்கவிட்டு, நெருப்புக் காட்டுவார். துணி எரிந்துபோய் வெள்ளைச் சாம்பல் கூடு மட்டும் நிற்கும். உண்மையில் வெளிச்சம் தருவது அந்தச் சாம்பல்தான். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். பிறகு குழாயைச் சூடாக்கவேண்டும். ஸ்பிரிட் கிடைத்த காலத்தில் கிண்ணத்தில் ஊற்றிக் கொளுத்துவார். கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் தோய்த்த துணியைச் சுற்றிப் பற்றவைப்பார், கரும்புகை கிளம்பும். சூடு போதும் என்பதை எதை வைத்துக் கண்டுபிடித்தாரோ, திடீரென்று பம்ப் அடிக்கத் தொடங்குவார். இருபது முப்பது அடி அடித்ததும் நீலமாகச் சீறி, மஞ்சளாகத் தாவி, பிறகு வெள்ளையாக நிலைக்கும். அந்த இரைச்சலுக்கு மேலால் சுவாமி சத்தம் போட்டுப் பிரசங்கம் வைக்கவேண்டும்.

பூசை நடுவில் காற்றழுத்தம் குறைந்து வெளிச்சம் சிவக்கத் தொடங்கும். காஸ்லைற் அண்ணை முழங்காலில் நிற்கிற சனத்துக்கு நடுவால் குனிந்து வந்து பம்ப் அடித்துவிட்டுப் போவார். எழுந்தேற்ற நேரத்தில் மட்டும் வரமாட்டார். அதற்கு முன்பே கணக்குப் பார்த்து அடித்து வைத்திருப்பார். ஒரு நத்தாருக்கு விட்டில் ஒன்று மோதி மென்டில் உடைந்தது. மாற்று மென்டில் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத காலம். “பாலன் மாட்டுத்தொழுவத்திலை பிறந்தவர்தானே, லைற் கேக்கமாட்டார்” என்று சொல்லிவிட்டுப் போத்தல் விளக்குகளைக் குடிலுக்குக் கிட்ட நகர்த்தினார்.

வெளிச்சம் பயமாகவும் இருந்தது. வானத்தில் சத்தம் கேட்டால் எல்லாப் போத்தலையும் ஊதி அணைப்போம். கடற்பக்கத்து யன்னல்களுக்குச் சாக்குக் கட்டியிருந்தோம். ஆனால் இருட்டு எங்களைக் காப்பாற்றும் என்று நம்பியது எவ்வளவு தூரம் சரி என்று சொல்ல முடியாது. 1993 நவம்பர் 13இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தில் குண்டு விழுந்தது. 1995 யூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அது பகல் வெளிச்சத்தில் நடந்தது.

அந்த ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கியதில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, பலர் கையில் போத்தல் விளக்கு இருந்தது. மழையும் இருந்தது. நற்கருணையைச் சுவாமி எடுத்துக்கொண்டார். கோயில் சாவி மூப்பரின் மடியில். காஸ்லைற் அண்ணை உடுப்புப் பையை விட்டுவிட்டு இரண்டு காஸ்லைற்றைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கோயில் நின்றது. ஓடு பாதி இல்லை. ரியூப் லைற் பெட்டிகளை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். ஊரடங்குக் காலம், சாமப் பூசை பின்னேரத்துக்கு வந்துவிட்டது, விளக்கே தேவைப்படவில்லை. பிறகு ஜெனரேற்றர் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் கொழும்புச் சாமான்கள் லொறி லொறியாக வந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். ரியூப் லைற் மறுபடி வந்தது, ஹாலோஜன் வந்தது. போர் முடிந்து சில ஆண்டுகளில் லக்சபானா மின்சாரமும் வந்து சேர்ந்தது. 2022இல் நாடே பதின்மூன்று மணித்தியாலம் இருண்டு கிடந்த நாட்களில், தெற்கில் இருந்து தெரிந்தவர்கள் எடுத்து “எப்பிடிச் சமாளிக்கிறியள்?” என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் சில வீடுகளில் ஜாம் போத்தல் அலுமாரிக்கு மேலே இருந்து இறங்கியது. பேரப்பிள்ளைகள் படம் எடுத்துப் போட்டார்கள்.

எல்ஈடியில் எனக்குக் குறை இல்லை. எழுபது நெருங்குகிற கண்ணுக்கு அது ஆறுதல். வாசகப் புத்தகத்தை மூக்கில் ஒட்டிப் படிக்கத் தேவையில்லை. நீல எல்ஈடியைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தது நியாயமே. அதே ஆண்டுதான் வத்திக்கானின் சிஸ்ரின் சிற்றாலயத்துக்கும் ஏறத்தாழ ஏழாயிரம் எல்ஈடி பூட்டினார்கள். மிக்கேலாஞ்சலோவின் ஓவியத்துக்கே அது ஆகுமென்றால் எங்கள் பீடத்துக்கு ஆகாதா?

சபையில் நான் இரண்டு விடயம்தான் கேட்டேன். முதலாவது நிறம். கடையில் மலிவாகக் கிடைப்பது 6500 கெல்வின், ஆஸ்பத்திரி வெள்ளை. அதைப் போட்டால் பீடத்தின் பொன் பூச்சு பித்தளையாகும், மாதாவின் முகம் காய்ச்சல்காரர் முகமாகும். 2700 அல்லது 3000 போடுங்கோ, பழைய குமிழின் மஞ்சள் வரும், பூச்சி மொய்ப்பதும் குறையும் என்றேன். கடற்காற்றின் உப்பு உள்ளே போகாதபடி மூடிய பெட்டியாக வாங்கவேண்டும் என்றும் சொன்னேன். குமிழ் பத்து வருசம் நிற்கும், அதற்குள் இருக்கிற ட்ரைவர் சேர்க்கிற்றைத்தான் உப்பும் மின்னலும் முதலில் தின்னும். ஏற்றுக்கொண்டார்கள்.

அன்பளிப்புப் பெயர் எழுதுவதைப் பற்றியும் பேச்சு வந்தது. கூரையோடு ஒட்டிய தட்டையான பனலில் எங்கே எழுதுவது? வாசலில் ஒரே பலகையில் எல்லாப் பெயரையும் போடுவதென்று முடிவு. கணவரின் ஞாபகமாக ஒரு ரியூப் கொடுத்திருந்த ரீச்சர் எழும்பி, “பலகையில பேர் கிடக்கட்டும். அந்தப் பழைய பெட்டியை எனக்குத் தாங்கோ” என்றார். அதைக் கொண்டுபோய் வீட்டில் என்ன செய்வார் என்று தெரியாது. கொடுக்கச் சம்மதித்தார்கள்.

இரண்டாவது, நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்கு. பேழைக்கு முன் ஒரு விளக்கு ஓயாமல் எரியவேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 940ஆம் விதி. வழக்கப்படி அது எண்ணெயிலோ மெழுகிலோ எரியவேண்டும் என்று திருப்பலி நூலின் பொதுப் போதனையும் சொல்கிறது. தடைக் காலத்தில் எங்கள் கோயிலில் அணையாமல் நின்ற ஒரே விளக்கு அதுதான். மண்ணெண்ணெய் இல்லாவிட்டாலும் தென்னை இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மூப்பர் வாசலில் நின்று, “இந்தக் கிழமை எண்ணெய் ஆர் விடுறது?” என்று கேட்பார். நேர்த்தி வைத்தவர்கள், பிள்ளை காணாமல் போனவர்கள், ஒரு தேங்காய்க்கு மேல் இல்லாதவர்கள் எல்லோரும் முறை எடுத்தார்கள். சில கிழமை இரண்டு பேர் போட்டி போட்டு, மூப்பர் சீட்டுக் குலுக்கவேண்டி வந்தது. ஜெனரேற்றர் மின்சாரம் வந்த கையோடு அந்தச் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு ஐந்து வாட் குமிழை வைத்துவிட்டார்கள். முறை நின்றது. இப்போது பொடியனின் தாளில் அதுவும் ஒரு வரியாக இருந்தது: சிவப்பு எல்ஈடி, ஒன்று.

“மற்ற எல்லாத்தையும் மாத்துங்கோ. அதை மட்டும் திரும்ப எண்ணெய்க்கு விடுங்கோ” என்றேன். சுவாமி தலையாட்டினார். செயலாளர் குறித்துக்கொண்டார். பொருளாளர் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அது சரி மாஸ்ரர், எண்ணெய் ஆர் விடுறது?”

எங்கள் கோயிலில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கால் நூற்றாண்டாவது இருக்கும்.